முதியோர் இல்லத்தில் வாய் சுத்தம்: எதை முதலில் செய்வது, எங்கே தடுமாறுகிறோம்

இலங்கை மலையகத்து முதியோர் இல்லங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வாய் மட்டும் வராது. அருவருப்புதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரஷில் பேஸ்டைப் பிதுக்கிக்கொண்டு நேராக வாய்க்குப் போகிறார்கள், அங்கேயே வேலை கோணலாகிவிடுகிறது. தாத்தா வாயை இறுக மூடிக்கொள்வார், பாட்டிக்குப் புரையேறும், அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கமே போக மாட்டார்கள். பிரஷைத் தொடுவதற்கு முன் செய்யும் வேலைகள்தான் இதில் பாதிக்கு மேல். அதனால் இந்த வழிகாட்டியிலும் துலக்குவது ஏழாவதாகத்தான் வருகிறது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியா முதியவர்களைச் சாய்த்துவிடும். ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வாயைப் பராமரித்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்திருந்தது. சரி, வேலைக்குப் போவோம்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

ஒருவரின் வாயைத் திறக்க வைத்த பிறகு "கொஞ்சம் இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்" என்று ஓடினால் அந்த வாய் மறுபடி திறக்காது. அதனால் எல்லாம் முதலில் கைக்கெட்டும் இடத்துக்கு வர வேண்டும்.

சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ், ஃபுளோரைட் உள்ள பேஸ்ட், ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், துப்புவதற்கு ஒரு சிறிய பேசின், மார்பில் போடத் துண்டு, கோஸ் துணி, கிளவ்ஸ், டோர்ச். பல் செட் போடுபவர் என்றால் மூடியுள்ள ஒரு டப்பா. சின்னப் பிள்ளைகளுக்கான பிரஷ் பல பேருக்குப் பெரியவர்களின் பிரஷைவிட நன்றாகப் பொருந்தும், வயதான வாய் அவ்வளவு அகலமாகத் திறக்காது.

பேஸ்ட் பெட்டியில் ஃபுளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைட் கிடையாது. முரசு (ஈறு) இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் சொத்தை அந்த வேரில்தான் விழும், அதற்கு ஃபுளோரைட் தேவை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த பலருக்கு அடுப்புக்கரியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால்தான் பல் விளக்கிய மாதிரி இருக்கும், அதையே கேட்பார்கள். வெளியே வந்த வேரை அது அராவிவிடும், கொடுக்க வேண்டாம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது இங்கே ஆடம்பரம் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் கையையே கடிக்கும், வேர் தெரியும் பல்லில் பட்டால் ஆள் துடித்துப்போவார். அதற்கப்புறம் பிரஷைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஒவ்வொருவரின் பிரஷிலும் டப்பாவிலும் பெயர் இருக்க வேண்டும். எல்லாப் பிரஷையும் ஒரே கோப்பையில் தலையோடு தலை முட்ட நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒருவர் வாயின் கிருமி மற்றவருக்குப் போகும். தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றுப் படவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அதற்குள் நார் விரிந்துவிட்டால் அப்போதே.

2. கிளினிக் கொப்பியைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாத புதியவரை நான் கண்டதில்லை. ஆனால் வாயில் என்ன நடக்கும் என்பதில் பாதி, நோயும் மருந்தும் எழுதியிருக்கும் அந்தக் கொப்பியில் இருக்கிறது.

வார்ஃபரின் அல்லது இரத்தத்தை இளக்கும் வேறு மருந்து இருந்தால் முரசிலிருந்து இரத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், பயந்து நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். நீரிழிவு இருந்தால் முரசு நோய் வேகமாக முற்றும். அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகள், நீர் போக்கும் மாத்திரை, மனநோய் மருந்துகள் எல்லாம் வாயை உலர்த்தும். எலும்பு தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் எடுப்பவர் என்றால் பல் பிடுங்கும் முன் பல் டொக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்ட் பம்ப் இழுப்பவர்கள் நம் குளிரில் நிறையப் பேர். பம்ப் இழுத்த கையோடு வாய் கொப்பளித்துத் துப்ப வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.

அப்புறம், விழுங்குவதில் சிரமம் என்று எழுதியிருக்கிறதா, பாரிசவாதம் (பக்கவாதம்) எந்தப் பக்கம், பல் செட் மேலா கீழா இரண்டுமா. இவ்வளவும் தெரிந்தால் போதும்.

3. நேரம்

ஒரு நாளைக்கு இரண்டு முறை. அதில் இரவு வேளை தவறவே கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், கழுவித் தள்ள ஆள் இல்லாத வாயில் கிருமி இரவெல்லாம் பெருகும்.

ஆனால் நடைமுறையில் விடுபடுவதும் இரவுதான். காலையில் ஆள் பலம் இருக்கும், இரவு ஷிப்டில் ஒருவரோ இருவரோ. ஒன்பது மணிக்கு எல்லாரையும் துலக்கி முடிக்கலாம் என்று திட்டம் போட்டால் அதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இரவுச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்ததும், பகல் ஷிப்ட் போவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். மாத்திரைக்குப் பிறகு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, பாணியும் இனிப்பு மருந்தும் பல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

துலக்கிய பிறகு சீனி போட்ட தேத்தண்ணி கிடையாது. இதில் இல்லத்து ஆட்களே தாத்தாமார் கெஞ்சுவதைப் பார்த்து இளகிவிடுகிறார்கள். குளிருக்கு ஏதாவது சூடாக வேண்டும் என்றால் சுடுதண்ணீர், இல்லாவிட்டால் சீனி போடாத பிளேன்டீ.

காலையில் அவரவர் பழக்கப்படியே விடலாம். அறுபது வருஷம் பல் விளக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்தவரிடம் "சாப்பிட்ட பிறகு" என்று சட்டம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

4. உட்கார வைத்தல்

முடிந்தவரை நிமிர்ந்து, நாற்காலியில், கால் தரையில் படும்படி. தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கும்.

இங்கேதான் அதிகம் பிழை விடுகிறோம். பராமரிப்பவர் நின்றுகொண்டு வேலை செய்வார், தாத்தா உட்கார்ந்திருப்பார், வாய்க்குள் பார்க்க வேண்டும் என்று "தலையத் தூக்குங்க" என்பார். தலை பின்னால் போகும், புரையேறும். நீங்கள் உட்காருங்கள். அவர் கண் மட்டத்துக்கு அல்லது அதற்குக் கீழே. ஒரு ஸ்டூல் போதும். கழுத்து நிற்காதவர் என்றால் பக்கத்தில் நின்று, அவர் தலையை உங்கள் தோளில் தாங்கிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து செய்யலாம்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு ஒன்பதாவது பகுதியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

5. பல் செட் இருந்தால் முதலில் கழற்றுங்கள்

பல் செட்டை வாயில் வைத்துக்கொண்டே மேலால் துலக்கிவிட்டு "முடிஞ்சுது" என்பவர்கள் இருக்கிறார்கள். அழுக்கு இருப்பது அதற்கு அடியில்.

முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து ஈரமாக்குங்கள், காய்ந்த வாயில் இழுத்தால் தோல் உரியும். கீழ் செட்டை முதலில் எடுப்பது சுலபம், பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முன்பற்களைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் வரும். மேல் செட் அண்ணத்தோடு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்பற்களைக் கோஸ் துணியால் பிடித்து லேசாக அசைத்து, காற்று உள்ளே போனதும் சற்றுத் திருப்பி எடுக்க வேண்டும். கம்பி வைத்த பகுதிச் செட் என்றால் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், வளைந்தால் மறுபடி சேராது.

அவரே எடுக்கக்கூடியவர் என்றால் அவரே எடுக்கட்டும். பத்து விநாடியில் நீங்கள் எடுப்பதை அவர் இரண்டு நிமிஷம் எடுப்பார், பரவாயில்லை. திரும்பப் போடும்போது மேல் செட் முதலில்.

6. டோர்ச் அடித்துப் பாருங்கள்

துலக்குவதற்கு முன் பார்க்க வேண்டும், பிறகு பார்த்தால் பேஸ்ட் நுரையில் ஒன்றும் தெரியாது. எங்கே வலி என்று தெரியாமல் பிரஷைப் போட்டுப் புண்ணில் குத்துவதும் இதைச் செய்யாததால்தான்.

ஒரே வரிசையில் பார்த்துப் பழகுங்கள்: உதடும் ஓரங்களும், நாக்கின் மேல், நாக்கின் இரு பக்கம், நாக்குக்கு அடியில், இரண்டு கன்னத்தின் உட்புறம், முரசு, அண்ணம். நாக்கின் பக்கங்களையும் அடியையும் பார்க்க, நாக்கு நுனியைக் கோஸ் துணியால் மெல்லப் பிடித்து நகர்த்த வேண்டும். வாய்ப் புற்றுநோய் ஒளிந்துகொள்ளும் இடங்களும் அவையே.

கன்னத்தில் சோறு, ரொட்டித் துண்டு, சில சமயம் மத்தியானம் கொடுத்த மாத்திரைகூட ஒதுங்கியிருக்கும். பாரிசவாதம் வந்தவர்களுக்கு வலுவிழந்த பக்கத்தில் உணர்ச்சி குறைவு, அங்கே என்ன கிடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. கோஸ் சுற்றிய விரலால் வெளிப்பக்கமாக வழித்து எடுங்கள். ஆனால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே விரலை விடாதீர்கள். கடிப்பவர் வேண்டுமென்று கடிப்பதில்லை, அனிச்சையாக மூடிக்கொள்ளும் தாடைக்கு உங்கள் விரல் தெரியாது.

பல் செட்டுக்கு அடியில் அண்ணம் செக்கச் செவேலென்று இருந்தால் அனேகமாகப் பூஞ்சை. உதட்டு ஓரம் வெடித்துப் புண்ணாகியிருப்பதும் பல நேரம் அதன் கூட்டாளிதான். வழித்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலமும் அப்படியே. பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்து எடுக்கப் பார்க்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் பல்லையும் குறித்து வையுங்கள், தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடலாம்.

7. துலக்குதல்

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வழியவிடுவது விற்பதற்காக. நுரை அதிகமானால் அவர் விழுங்கவோ துப்பவோ அவசரப்படுவார், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

பிரஷின் நார் பாதி பல்லிலும் பாதி முரசிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக. அழுக்கு சேர்வது பல்லும் முரசும் சேரும் கோட்டில். முன்பற்களை வெள்ளையாக்கிவிட்டு அந்தக் கோட்டை விட்டுவிடுவது வழக்கமான தவறு. முன்னால் வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து மெதுவாகப் பின்பக்கம் போங்கள், நாக்குப் பக்கம் கடைசியில். எடுத்த எடுப்பில் கடைவாய்ப்பல்லின் உட்புறத்துக்குப் போனால் குமட்டும்.

மொத்தம் இரண்டு நிமிஷம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் மேல் வரிசையை நன்றாகவும் இரவில் கீழ் வரிசையை நன்றாகவும் செய்யுங்கள். தினமும் எல்லாவற்றையும் அரைகுறையாகத் தேய்ப்பதைவிட இது மேல்.

இரத்தம் வந்தால்? அழற்சி உள்ள முரசு இரத்தம் கசியும். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கி இன்னும் மோசமாகும். மென்மையாக, ஆனால் விடாமல் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். குறையாவிட்டாலோ, துலக்கி முடித்தும் நிற்காமல் வந்துகொண்டிருந்தாலோ சொல்ல வேண்டும்.

கடைசியாக நாக்கு, பின்னாலிருந்து முன்னால், இரண்டு மூன்று இழுப்பு. பிறகு துப்பச் சொல்லுங்கள். துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்டின் ஃபுளோரைட் பல்லில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் பலன், கொப்பளித்தால் அதைக் காசு கொடுத்து வாங்கி பேசினில் ஊற்றுவது போலத்தான். இதைப் பழக்கத்தில் கொண்டுவருவது கஷ்டம், வாய் கொப்பளிக்காமல் எழுந்திருப்பது பாட்டிமாருக்கு அரை வேலையாகவே படும். ஒரு சொட்டுத் தண்ணீரில் உதட்டைத் துடைத்துவிட்டால் சமாதானமாவார்கள்.

குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்தை எல்லாருக்கும் தினமும் கொடுக்கும் இடங்கள் உண்டு. பல் டொக்டர் சொன்னவருக்கு, சொன்ன நாட்களுக்கு மட்டும். நாள்பட்டால் பல்லில் கறை ஏறும், ருசி மாறும், சாப்பாடு பிடிக்காமல் போகும். கொடுக்க வேண்டியவருக்கும் பேஸ்ட் போட்ட உடனே கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

8. பல்லே இல்லாதவர்களும் வாய் உலர்ந்தவர்களும்

"அவருக்குத்தான் பல்லே இல்லையே" என்று கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். முரசு, நாக்கு, கன்னம் மூன்றும் இருக்கின்றன, கிருமிக்கு அது போதும். ஈரக் கோஸ் துணியாலோ மென்மையான பிரஷாலோ இரண்டு வேளையும் துடைத்துவிடுங்கள்.

உலர்ந்த வாயில் நாக்கு அண்ணத்தில் ஒட்டும், எச்சில் நூலாக இழுபடும், நாள்பட்டால் மேலே பொருக்குத் தட்டும். பொருக்கை அப்படியே உரிக்காதீர்கள், கீழே இரத்தம் வரும். ஈரமாக்கி, சில நிமிஷம் ஊறவிட்டு, பிறகு துடைத்தால் தானாக வரும். பகலில் அடிக்கடி ஒவ்வொரு மிடறு தண்ணீர். எலுமிச்சை தடவினால் எச்சில் ஊறும் என்று ஒரு கைவைத்தியம் உண்டு, உலர்ந்த வாயில் அந்தப் புளிப்பு பல்லை அரித்து புண்ணையும் எரிக்கும். இனிப்பு டொஃபி வாயில் வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள்.

உதடு வெடிக்காமல் இருக்க மெல்லிசாக வாசலின் தடவலாம், குளிர் காலத்தில் வாய்க்குக் கை வைப்பதற்கு முன்பே தடவிவிடுவது நல்லது, வெடித்த உதட்டை விரித்தால் கிழியும். ஒட்சிசன் போட்டிருப்பவருக்கு வாசலின் போன்ற எண்ணெய்ப்பசை உள்ளதைத் தடவாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து. அவர்களுக்குத் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்.

9. விழுங்க முடியாதவர்கள், படுத்த படுக்கையானவர்கள்

குழாய் வழியாகச் சாப்பாடு போகிறது, வாயால் ஒன்றும் சாப்பிடுவதில்லை, அதனால் வாய் அழுக்காகாது என்று நினைப்பது பெரிய தவறு. மெல்லுவதும் விழுங்குவதும் வாயைத் தானாகக் கழுவிக்கொண்டிருந்தன, அது நின்றுபோன வாய்க்கு நம் கைதான் அதிகம் தேவை.

தலைப்பக்கத்தை முடிந்தவரை உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கன்னத்துக்குக் கீழே துண்டும் பேசினும். மல்லாந்து படுத்தவரின் வாயில் ஒரு துளி தண்ணீர்கூட விடாதீர்கள்.

பிரஷைத் தண்ணீரில் தோய்த்து நன்றாக உதறி, வெறும் ஈரத்தோடு செய்ய வேண்டும். பேஸ்ட் ஒரு தடவல் அளவு, நுரைக்காத வகை கிடைத்தால் நல்லது. கொஞ்சம் துலக்கி, கோஸால் துடைத்து, மறுபடி கொஞ்சம். சேரும் ஈரத்தை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும், சக்ஷன் மெஷின் இருக்கும் இடத்தில் அதைப் பழகியவர் பக்கத்தில் இருக்கட்டும். குச்சியில் மாட்டிய ஸ்பொஞ்ச்சைப் பலர் விரும்புகிறார்கள். பல்லில் படிந்ததை அது எடுக்காது, கடித்தால் ஸ்பொஞ்ச் கழன்று தொண்டைக்குள் போகக்கூடும்.

இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்துங்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரம் தலையை உயர்த்தியே வையுங்கள்.

10. வாயைத் திறக்க மறுத்தால்

முதலில் வலியாக இருக்குமோ என்று யோசியுங்கள். மறதி நோய் உள்ளவர் "பல் வலிக்குது" என்று சொல்ல மாட்டார். சாப்பாட்டைத் தள்ளுவார், கன்னத்தைப் பிடித்துக்கொள்வார், நேற்றுவரை போட்ட பல் செட்டை இன்று வேண்டாம் என்பார், ஒரு பக்கமாக மட்டும் மெல்லுவார், காரணமில்லாமல் கத்துவார். அதைப் பிடிவாதம் என்று எழுதி வைப்பது அநியாயம்.

வலி இல்லை என்றால், முறையை மாற்றிப் பாருங்கள். முடிந்தால் தினமும் அதே ஆள், அதே இடம், அதே நேரம். ரேடியோவை நிறுத்திவிடுங்கள். எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அல்லது அவர் பழகிய முறையில் கூப்பிடுங்கள். "அம்மாயி, வாயக் கழுவிட்டு படுப்போமா?" என்று ஒரே ஒரு வாக்கியம். சிங்கள ஆச்சிமாரும் சீயாமாரும் இருக்கும் இல்லத்தில் "கட அரின்ன" (வாயைத் திறங்கள்), "ரிதெனவாத" (வலிக்கிறதா) என்று அவர்கள் மொழியில் கேட்டால் பாதி இறுக்கம் போய்விடும்.

பிரஷை அவர் கையிலேயே கொடுங்கள். பலருக்குப் பெயர் மறந்தாலும் கை மறக்காது, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் தானாகத் துலக்க ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்காவிட்டால் அவர் கைமேல் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து நகர்த்துங்கள். இல்லை, நீங்களே துலக்க வேண்டும் என்றால் இன்னொரு பிரஷையோ துண்டையோ அவர் கையில் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். முகத்தை முதலில் துடைத்து, பிறகு உதடு, பிறகு உள்ளே என்று போனால் திடுக்கிட மாட்டார்.

அப்படியும் இல்லையென்றால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள், அல்லது வேறொருவர் போகட்டும். இரண்டு பேர் கையைப் பிடிக்க ஒருவர் வாயைத் திறக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அன்றைக்குப் பல் சுத்தமாகும், அதற்கப்புறம் பல நாள் அந்த வாய்க்குப் பக்கத்தில் போக முடியாது. கரண்டியை வைத்து நெம்புவதும் அப்படித்தான், பல் உடையும்.

11. பல் செட்டைக் கழுவுதல்

பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பி அல்லது அடியில் துண்டு விரித்து, அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள். சோப்பு வழுக்கிச் சீமெந்துத் தொட்டியில் விழுந்தால் இரண்டு துண்டு. புதுச் செட் வருவதற்கு எத்தனை முறை கிளினிக்குக்கு அலைய வேண்டும் என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேறு பிரஷ், சாதாரண சோப்பு, குளிர்ந்த தண்ணீர். பேஸ்ட் போட்டால் நுண்ணிய கீறல் விழும், கீறலில் கிருமி குடியேறும். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும், வாய்க்கு வெதுவெதுப்பு என்று சொன்னதை இதற்கும் செய்துவிடாதீர்கள். அண்ணத்தில் ஒட்டும் உட்புறம்தான் முக்கியம். இரவு முழுக்கக் கழற்றி, கழுவி, பெயர் எழுதிய டப்பாவில் தண்ணீரில் வையுங்கள். அண்ணத்துக்கும் ஓய்வு வேண்டும், இரவும் போட்டிருப்பவர்களுக்குத்தான் அந்தச் சிவப்புப் பூஞ்சை அதிகம். டப்பாத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

எல்லாருடைய செட்டையும் ஒரே பேசினில் போட்டுக் கழுவினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செட்டிலேயே அடையாளம் இடலாம்: வெளியே தெரியாத இடத்தில் கொஞ்சம் உரசி, அழியாத பேனாவால் பெயரின் முதலெழுத்தை எழுதி, காய்ந்ததும் நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) இரண்டு பூச்சு. காய்ந்த பிறகுதான் வாய்க்குப் போக வேண்டும். டிஷுவில் சுற்றி வைக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள், காணாமல்போன செட்டில் பாதி குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும்.

12. வெற்றிலை

இதைத் தவிர்த்துவிட்டு மலையகத்தில் வாயைப் பற்றிப் பேச முடியாது. கொழுந்து எடுத்த காலத்திலிருந்து போட்ட வெற்றிலை, பல் போன பிறகும் உரலில் இடித்துப் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் மகள் மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டும்தான் கெடுதல், பாக்குக்குத் தோஷமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.

எண்பது வயதில் அடியோடு நிறுத்து என்று சண்டை போடுவதா? என் பார்வையில், புகையிலையையும் பாக்கையும் குறைக்கப் பேசுங்கள், வற்புறுத்தி உறவைக் கெடுத்துக்கொண்டால் அவர் ஒளித்துப் போடுவார், அது இன்னும் மோசம். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தூங்கக் கூடாது. புரையேறும் ஆபத்தோடு, ஒரே இடத்தில் இரவெல்லாம் ஊறும் சாறும் சேர்ந்துகொள்கிறது. இரவுச் சோதனையில் கன்னத்தைக் கட்டாயம் பாருங்கள்.

இவர்களில் சிலருக்கு வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும், கன்னம் உள்ளே பட்டையாக இறுகியிருக்கும், காரம் தாங்காது. அது பாக்கினால் வரும் நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. இழுத்துத் திறக்காதீர்கள், சின்னப் பிரஷால் முடிந்த இடம் மட்டும். வெற்றிலைக் கறையைத் தேய்த்து எடுக்கவும் வேண்டாம், கறை யாரையும் கொல்லாது.

13. எழுதி வைத்தல், டொக்டரிடம் கொண்டுபோதல்

ஒரு கொப்பி, ஒருவருக்கு ஒரு வரி: துலக்கியாயிற்றா, மறுத்தாரா, என்ன கண்டீர்கள், எந்தப் பக்கம். "வாய் சரி" என்று எழுதுவதில் பயன் இல்லை. "இடது நாக்கு ஓரம் வெள்ளைத் தழும்பு, அரிசி அளவு" என்று தேதியோடு எழுதினால்தான் அடுத்த வாரம் வளர்ந்ததா என்று தெரியும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, வாய் திறப்பது குறைவது, காரணமில்லாத மரத்துப்போதல்: வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது, "வலிக்குதா?" என்று கேட்டு இல்லை என்றதும் விட்டுவிடுவதுதான் நம்மிடம் உள்ள ஆபத்தான பழக்கம். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் முதலில் காட்டலாம், காசு இல்லை. மேலே பார்க்க வேண்டும் என்றால் பேராதனைப் பல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கும் பாதை, வயதானவருக்குத் தலைசுற்றும், வாந்தி வரும், அதனால் முதல் நாளே கிளம்பும் நேரம், சாப்பாடு, மாத்திரை எல்லாம் திட்டமிடுங்கள். கிளினிக் கொப்பி, எல்லா மருந்துகளின் பட்டியல், பல் செட் (போடாவிட்டாலும்), உங்கள் குறிப்புக் கொப்பி நான்கும் பையில் இருக்கட்டும். வாயைத் தினமும் பார்க்கும் ஆளே கூடப் போவது நல்லது.

முகமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால் காலைவரை காத்திருக்காதீர்கள். 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள். பல் செட்டின் துண்டை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும் அப்படியே.

வலிக்கிற பல்லுக்கு மேல் அஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவது, கிராம்பு எண்ணெயை நேராக முரசில் ஊற்றுவது இரண்டும் தோலைச் சுட்டுவிடும். டொக்டரிடம் போகும்வரை அவருக்கு ஒத்துக்கொள்ளும் பரசிட்டமோலை விழுங்கக் கொடுங்கள்.

பல் பிடுங்கித் திரும்பி வந்தால், அந்த இடத்தில் வைத்துவிட்ட பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும், தூங்கிவிடாமல் பக்கத்தில் ஒருவர் இருங்கள். அன்று முழுக்கக் கொப்பளிப்பு இல்லை, சூடான தேத்தண்ணி இல்லை, இரத்தக்கட்டி கரைந்தால் மறுபடி இரத்தம் வரும். அன்றிரவு மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்கலாம், பிடுங்கிய பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த நாளிலிருந்து ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாகக் கொப்பளிக்க வையுங்கள். வெற்றிலை கேட்பார், புண் ஆறும்வரை கொடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரும் மகளிடமும் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.